பிள்ளையின் கனடா குடியுரிமைக்குத் தாள் சேர்ப்பது: சூடுபட்டுக் கற்றவை

மகளின் குடியுரிமைக்காக நான் அனுப்பிய உறை சில வாரங்களில் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. அனுப்பியதெல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. மேலே ஒரு கடிதம் மட்டும் புதிது. படிவத்தில் நான் கையெழுத்துப் போட்ட தேதிக்கும் அது கனடாவின் குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் கைக்குப் போன தேதிக்கும் நடுவில் 90 நாளுக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆகாமல் என்ன செய்யும்? நான் முதல் வேலையாகப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் என் பெயர் வேறு மாதிரி இருந்தது. அதைச் சரிசெய்ய ஊரில் மாமனார் நான்கு மாதம் அலைந்தார். பழைய கையெழுத்து படிவத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

படிவம் ஒரு மாலை வேலைதான். தாள்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பதில்தான் மாதங்கள் ஓடுகின்றன. அதனால் நான் செய்ததைத் தலைகீழாகச் செய்யுங்கள். கீழே இருக்கும் வரிசை அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் பிறந்து, பெற்றோருடன் பிஆர் (நிரந்தர வதிவாளர்) ஆகி வந்த, 18 வயது நிரம்பாத பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இலங்கையில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான், பிறப்புச் சான்றிதழ் விஷயம் மட்டும் கொஞ்சம் மாறும்.

1. இது உங்களுக்கான பாதைதானா என்று பாருங்கள்

கனடாவில் பிறந்த பிள்ளை பெரும்பாலும் பிறப்பிலேயே குடிமகன், இந்த விண்ணப்பம் அவனுக்குத் தேவையே இல்லை. வெளிநாட்டில் பிறந்திருந்தாலும், பிறந்த அன்று அப்பாவோ அம்மாவோ கனடிய குடிமக்களாக இருந்தார்கள் என்றால் அது வேறு வழி. அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் குடியுரிமைக்குச் சான்று கேட்கிறீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான படிவத்துக்குப் பணம் கட்டியவர்கள் எங்கள் நட்பு வட்டத்திலேயே இரண்டு பேர்.

பிள்ளை பிஆர், பெற்றோரில் ஒருவர் குடியுரிமை வாங்கிவிட்டார் அல்லது பிள்ளையோடு சேர்ந்தே விண்ணப்பிக்கிறார் என்றால் சிஐடி 0003 படிவம். குடியுரிமைச் சட்டத்தில் இது 5(2) பிரிவு. நமக்கெல்லாம் ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்த கணக்குக் காட்டச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு இந்தப் பிரிவில் பிள்ளைக்குக் கிடையாது. இது தெரியாமல் பிள்ளைக்கும் மூன்று வருடம் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. பெற்றோர் இருவருமே குடியுரிமை வாங்காத நிலையில் பிள்ளை தனியாக விண்ணப்பிக்கவும் வழி உண்டு, ஆனால் அங்கே நாள் கணக்கு வந்துவிடும். அதற்குள் நான் போகவில்லை.

எங்கள் வீட்டில் நான் முதலில் குடியுரிமை வாங்கினேன். கணவருக்கு வேலைப் பயணங்களால் நாள் குறைந்தது. ஆக, மகளின் விண்ணப்பம் முழுக்க என் பெயரின் மேல்தான் நின்றது. பிறப்புச் சான்றிதழில் தவறாக இருந்ததும் அந்தப் பெயர்தான்.

2. எல்லாத் தாளையும் மேசையில் பரப்புங்கள்

பேனாவைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பிஆர் கார்டு, லேண்டிங்கின்போது கொடுத்த பிஆர் உறுதிப்படுத்தல் தாள், ஹெல்த் கார்டு, பள்ளி ரிப்போர்ட் கார்டு, உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், உங்கள் பழைய இந்தியப் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஐந்து விஷயங்களை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர். மனதில் இருப்பதை எழுதிவிடாதீர்கள், தாளில் இருப்பதை எழுதுங்கள். நம் கண் நம் பெயரைச் சரியாகவே படித்துக்கொள்ளும், அதுதான் சிக்கல்.

நான் எழுதியபோது என் பெயர் மூன்று வடிவத்தில் வந்தது. பிறப்புச் சான்றிதழில் என் அப்பாவின் இனிஷியலோடு. இந்தியப் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சர்நேம் ஆகி. திருமணச் சான்றிதழில் இனிஷியல் எதுவுமே இல்லாமல். மகளின் பிறந்த ஊர் பாஸ்போர்ட்டில் மாவட்டத் தலைநகராகவும் பிறப்புச் சான்றிதழில் மருத்துவமனை இருந்த சிற்றூராகவும் இருந்தது. நமக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியும். ஒரு பெண் கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்தையும் பின் கணவர் பெயரையும் போட்டுக்கொள்வது நமக்கு ஒரு செய்தியே இல்லை. ஆனால் கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு இவை இரண்டு வேறு பெண்கள்.

எந்தப் பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்வது? பிள்ளையின் பிஆர் உறுதிப்படுத்தல் தாளில் இருப்பதை. குடிவரவுத் துறையின் கணினியில் பிள்ளை அந்தப் பெயரில்தான் இருக்கிறாள். படிவத்தில் பெயரை அழகுபடுத்தவோ, நெடுநாளாக மனதை உறுத்தும் எழுத்துப்பிழையைத் திருத்தவோ இது இடமில்லை.

3. பிறப்புச் சான்றிதழ்

பாதி நேரம் இதற்கே போகும். அப்பா அம்மா பெயர் இரண்டும் இருக்கிற சான்றிதழ்தான் வேண்டும். மருத்துவமனையில் கையில் கொடுத்து அனுப்பிய அட்டை சான்றிதழ் ஆகாது. கேட்பது நகல்தான் என்றாலும் அசல் உங்கள் கையில் இருக்கட்டும், பின்னால் எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள்.

தமிழ்நாட்டுச் சான்றிதழில் அடிக்கடி வரும் சிக்கல்கள்:

பிள்ளையின் பெயர் காலியாக இருப்பது. பிறந்ததும் பெயர் வைக்காமலே பதிவு செய்து, அப்புறம் அதை மறந்துவிடுவது நம் வழக்கம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம்வரை பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம்வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பணம் பெரிதில்லை, போய்வரும் ஆள்தான் வேண்டும். பிறந்த இடத்தைப் பொறுத்து நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி, கிராமம் என்றால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அல்லது தாலுகா அலுவலகம். குழந்தை பிறந்தது அம்மாவின் ஊரில் என்றால் பதிவும் அங்கேதான் இருக்கும். அப்பாவின் ஊரில் போய்த் தேடாதீர்கள்.

பெற்றோர் பெயரில் பிழை. இதைத் திருத்த 1969ஆம் வருட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆவது பிரிவு இருக்கிறது. பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கு அவர்களுக்கு ஆதாரம் வேண்டும். மாமனார் முதல் முறை வெறும் கையோடு போனார். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். அடுத்த முறை அதைக் கொண்டுபோனார், நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்டார்கள். மூன்றாம் முறை கடிதத்தோடு போனபோது சம்பந்தப்பட்டவர் சீட்டில் இல்லை. ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் பஸ், திரும்பி வந்து எனக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் அழைப்பு, “இன்னைக்கும் இல்லம்மா.” அந்தக் குரலில் கோபமே இருக்காது, அதுதான் எனக்குக் கஷ்டம். ஆகவே அனுப்புவதற்கு முன்பே ஒரு கோப்பு தயார் செய்துவிடுங்கள்: பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் நகல், பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், பழைய பிறப்புச் சான்றிதழ், எந்த எழுத்து எப்படி மாற வேண்டும் என்று தெளிவாக எழுதிய விண்ணப்பம், போகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரக் கடிதம், அவருடைய ஆதார் நகல். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

எல்லாப் பிழைக்கும் ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. இனிஷியல் மட்டும் விரிந்திருக்கிறது, ‘th’ போட வேண்டிய இடத்தில் ‘t’ விழுந்திருக்கிறது என்பதுபோல என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று இங்கேயே நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, கூடவே ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் வைக்கலாம். மகளின் பிறந்த ஊர் விஷயத்துக்கு நான் அப்படித்தான் செய்தேன், மறுகேள்வி வரவில்லை. தாயின் பெயரே வேறாக இருந்ததால் அதை மட்டும் மூலத்திலேயே திருத்தினோம். எது சின்னப் பிழை, எது பெரிய பிழை என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு தாளையும் பார்த்து ‘ஒரே ஆள்தான்’ என்று சொல்வாரா?

அப்புறம் மொழி. இப்போது கணினியில் வரும் தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. பழைய கையெழுத்துச் சான்றிதழில் தலைப்புகள் மட்டும் இரண்டு மொழியிலும் அச்சாகி, பெயர்களைத் தமிழில் எழுதியிருப்பார்கள். அதற்கும், இலங்கையில் தமிழிலோ சிங்களத்திலோ வாங்கிய சான்றிதழுக்கும் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். கனடாவில் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்றால் அவருடைய முத்திரையே போதும், மற்றவர் என்றால் அவர் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். நீங்களோ உங்கள் தம்பியோ சித்தியோ ஒன்றுவிட்ட அண்ணனோ செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள், அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும். தமிழ் நமக்குத் தெரியாதா என்று ரோசப்பட்டுப் பயனில்லை.

4. பாஸ்போர்ட்டும் பிஆர் தாள்களும்

பிஆர் கார்டின் இரண்டு பக்கமும், பிஆர் உறுதிப்படுத்தல் தாளும் நகல் எடுங்கள். கார்டு காலாவதி ஆகியிருந்தால் பதற வேண்டாம், கார்டு காலாவதி ஆனாலும் பிஆர் நிலை காலாவதி ஆவதில்லை. குடியுரிமைக்காக மட்டும் புதிய கார்டு எடுக்கத் தேவையில்லை. ஆனால் நடுவில் ஊருக்குப் போய்வரும் எண்ணம் இருந்தால் விமானம் ஏறக் கார்டு வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் நகல் எடுத்து நிறுத்திவிடுகிறோம். கடைசிப் பக்கத்தையும் எடுங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைக்கும் உங்களுக்கும் உள்ள உறவைப் பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்தபடி சொல்கிற தாள் அது. உங்கள் பழைய பாஸ்போர்ட்டை நீங்கள் குடியுரிமை வாங்கியபின் ஒப்படைத்திருந்தாலும் ரத்து முத்திரையோடு திரும்பக் கொடுத்திருப்பார்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் திருமணத்துக்கு முந்தைய பெயரும் பிந்தைய பெயரும் ஒரே இடத்தில் தெரிவது பலருக்கு அதில் மட்டும்தான்.

5. இரண்டு அடையாள ஆவணங்கள்

பெரியவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கும்? நானும் இங்கேதான் விழித்தேன். பாஸ்போர்ட்டின் படப் பக்கம், மாகாண ஹெல்த் கார்டு, பள்ளி ரிப்போர்ட் கார்டு, இவற்றில் இரண்டு போதும். ஒன்டாரியோவில் சிறு பிள்ளைகளின் ஹெல்த் கார்டில் படம் இருக்காது, அது குறை இல்லை.

ரிப்போர்ட் கார்டில் ஒரு வலை இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது ‘பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது’ என்று கேட்பார்கள், நாமும் வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயரைச் சொல்லிவிடுவோம். வருடக்கணக்காக ரிப்போர்ட் கார்டு அந்தப் பெயரில் வந்துகொண்டிருக்கும். மகளின் பள்ளி அலுவலகத்தில் கேட்டதும், சட்டப்படியான முழுப்பெயரும் பிறந்த தேதியும் போட்டு ஒரு பக்கப் பதிவை அச்செடுத்துக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை. கோடை விடுமுறையில் போய்க் கேட்டால்தான் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், ஜூன் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள்.

6. உங்கள் பக்கத்துச் சான்று

உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் அல்லது கனடியப் பாஸ்போர்ட்டின் நகல், அவ்வளவுதான். பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் பிள்ளையின் பொறுப்பு யாரிடம் என்று காட்டும் நீதிமன்ற ஆணையோ ஒப்பந்தமோ சேர்க்க வேண்டும். தத்துப் பிள்ளை என்றால் தத்து ஆணை.

7. புகைப்படம்

அளவு 50 மில்லிமீட்டருக்கு 70 மில்லிமீட்டர். தாடையிலிருந்து உச்சந்தலைவரை முகம் 31 முதல் 36 மில்லிமீட்டர். எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. தாளில் அனுப்பினால் ஒரே மாதிரி இரண்டு படம், இணையத்தில் போட்டால் டிஜிட்டல் படம்.

இந்தியத் தேவைகளுக்கு எடுக்கும் இரண்டு அங்குலச் சதுரப் படம் வீட்டில் நான்கைந்து கிடக்கும், அது இதற்கு ஆகாது. கடையில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று மொட்டையாகச் சொன்னாலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். கனடா குடியுரிமைக்கு என்று சொல்லுங்கள். ஒரு படத்தின் பின்னால் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எடுத்த கடையின் பெயரும் முகவரியும், எடுத்த தேதி இருக்க வேண்டும். கடையை விட்டு இறங்குவதற்குள் திருப்பிப் பாருங்கள். திருநீறோ பெரிய பொட்டோ நெற்றியில் இருந்தால் அழித்துவிட்டு எடுப்பது நல்லது, விதி என்று சொல்லவில்லை, எதற்கு ஒரு சந்தேகம் என்றுதான்.

8. பணம்

பிள்ளைக்கு 100 டாலர். பெரியவர்களின் கட்டணம் இதைவிடப் பல மடங்கு, இணையத்தில் கட்டும்போது தவறான வரியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ரசீதை உடனே பிடிஎஃப் ஆகச் சேமித்து, தாள் விண்ணப்பம் என்றால் அச்செடுத்து உள்ளே வையுங்கள். இது தவிர எங்களுக்கு ஆனது படம், நோட்டரி, ஊரிலிருந்து கூரியர். மொத்தச் செலவில் அரசாங்கக் கட்டணம் பாதிகூட இல்லை.

9. கையெழுத்து, கடைசியில்தான்

எல்லாத் தாளும் கையில் வந்து, கட்டம் போட்ட வெள்ளைத் தாளில் எல்லாமே ஒத்துப்போன பிறகு, ஐஆர்சிசி தளத்திலிருந்து படிவத்தையும் செக்லிஸ்டையும் அன்றைக்குப் புதிதாக இறக்குங்கள். மூன்று மாதம் முன்னால் இறக்கி வைத்தது பழைய பதிப்பாகியிருக்கலாம். நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அதே வாரம் அனுப்புங்கள். பிள்ளைக்கு 14 வயது ஆகியிருந்தால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். தேதி போட மறப்பதும், இனிமேல் வரப்போகும் தேதியைப் போடுவதும் திரும்பி வருவதற்குப் போதுமான காரணங்கள்.

குடும்பமாகச் சேர்ந்து அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள்: ஒருவருடைய விண்ணப்பத்தில் குறை இருந்தாலும் எல்லோருடையதும் திரும்பிவிடும். அப்பாவின் பயணக் கணக்கில் தேதி குழப்பம் என்றால் அதற்காகப் பிள்ளைகளின் தாள்களும் சேர்ந்து திரும்பிப் பயணம் செய்யும்.

தாள் விண்ணப்பங்கள் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னிக்குப் போகின்றன. முதல் முறை முகவரியைப் பார்த்து என் அம்மா “எதுக்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புற” என்று கேட்டார். கண்காணிப்பு எண் உள்ள தபாலில் அனுப்புங்கள், ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். எனக்கு உறை திரும்பி வந்தபோது எதை அனுப்பினேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்றால் அந்த ஸ்கேன்தான் காரணம்.

10. அனுப்பிய பிறகு

விண்ணப்பம் கிடைத்தது என்று ஏஓஆர் கடிதம் வரும். அதன் பிறகு முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். 18 வயதுக்குக் கீழ் தேர்வு கிடையாது. 14 வயது நிரம்பிய பிள்ளை குடியுரிமை உறுதிமொழி எடுக்க வேண்டும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கட்டாயம் இல்லை.

சான்றிதழ் வந்த அன்றே பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பிழை இருந்தால் அப்போதே எழுதுங்கள், பாஸ்போர்ட் எடுத்த பிறகு இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும்.

இனி விடுமுறைக்கு ஊருக்குப் போகும் திட்டம். கனடியக் குடியுரிமை கிடைத்த பிறகு பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது, அது சட்டப்படி குற்றம். கனடியப் பாஸ்போர்ட் எடுத்து, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓசிஐயோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விசாவோ வாங்கித்தான் போக முடியும். எனவே சான்றிதழ் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் டிசம்பர் டிக்கெட்டைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். ஓசிஐக்கும் இதே பிறப்புச் சான்றிதழைத்தான் முதலில் கேட்கிறார்கள், இதே பெயர்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கோப்பை இப்போதே அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட வேண்டாம்.